அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம்: யார் உள்ளே போகலாம், யார் நூலை எடுத்துச் செல்லலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு சில மாதம் தங்கப் போகும் பெற்றோர் வாஷிங்டன் சுற்றுலாவில் காங்கிரஸ் நூலகத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பளிங்குப் படிக்கட்டு, ஓவியக் கூரை, கண்ணாடிக்குள் இருக்கும் பழைய பைபிள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அதே கட்டடத்தில் வாசகராக உட்கார்ந்து, தமிழ்நாட்டிலேயே எளிதில் கிடைக்காத ஒரு தமிழ் நூலைக்கூட வரவழைத்துப் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அது தெரியாமல் திரும்பிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். ஆய்வு மாணவர்களும் அமெரிக்காவில் வாழும் தமிழர்களும் கேட்கும் கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.

காங்கிரஸ் என்பது அவர்களுடைய நாடாளுமன்றம். உறுப்பினர்களுக்கான நூலகத்தில் நம்மை எப்படி விடுவார்கள்?

விடுவார்கள். செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகளுக்காக 1800இல் தொடங்கிய நூலகம்தான் இது. இன்றும் உறுப்பினர்களின் தேவைக்குத்தான் முதலிடம். ஆனால் 16 வயது நிரம்பிய யாரும், எந்த நாட்டவராக இருந்தாலும், வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு படிக்கலாம். பல்கலைக்கழகக் கடிதம், ஆய்வு நெறியாளரின் பரிந்துரை எதுவும் வேண்டாம். என்ன படிக்கப் போகிறீர்கள், எதற்குப் படிக்கிறீர்கள் என்பதற்கெல்லாம் காரணம் எழுதித் தர வேண்டியதில்லை.

சுற்றிப் பார்க்க வருவதும் வாசிக்க வருவதும் அங்கே இரண்டு தனித்தனி வழிகள். சுற்றிப் பார்க்க, நேரம் குறித்த இலவச அனுமதிச்சீட்டை இணையதளத்தில் முன்பதிவு செய்துகொண்டு தாமஸ் ஜெஃபர்சன் கட்டடத்துக்குப் போக வேண்டும். பெரிய வாசிப்பறையின் குவிமாடத்தை மேல்மாடத்திலிருந்து பார்க்கலாம். கீழே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் வாசகர் அட்டை வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பார்வையாளர்களுக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. வாசிப்பறைகள் ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறுபடும், அதனால் கிளம்பும் முன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அட்டை வாங்கிவிட்டால் நூலை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

முடியாது. உள்ளேயே படிக்க வேண்டும், உள்ளேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனுக்கும், பக்கத்துத் தெருவில் வசிப்பவருக்கும், ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருப்பவருக்கும் இதே விதிதான். வாசகர் அட்டை படிக்கும் உரிமையைத் தருகிறது, இரவல் உரிமையைத் தருவதில்லை.

பிறகு யாருக்குத்தான் இரவல் கொடுக்கிறார்கள்?

நூலகம் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1802 ஜனவரியில், அதிபர் ஜெஃபர்சன் கையெழுத்திட்ட சட்டம் இதைத் தெளிவாக வரையறுத்தது. நூல்களை வெளியே எடுத்துச் செல்லும் உரிமை அதிபர், துணை அதிபர், இரு அவைகளின் உறுப்பினர்கள் ஆகியோருக்கு மட்டும். வரைபடங்களை யாருமே வெளியே கொண்டுபோகக் கூடாது, அதிபராக இருந்தாலும் சரி. விரிவான விதிகளை வகுக்கும் பொறுப்பு செனட் தலைவருக்கும் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகருக்கும் தரப்பட்டது. நூலின் அளவைப் பொறுத்துத் தவணை வைத்தார்கள். பெரிய நூலுக்கு அதிக நாள், சின்ன நூலுக்குக் குறைந்த நாள். தாமதமானால் அபராதம்.

அந்த வட்டம் அப்புறம் மெல்ல மெல்ல விரிந்தது. 1812இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளைச் சேர்த்தார்கள். பின்னாளில் அமைச்சர்கள், முன்னாள் அதிபர்கள் என்று பட்டியல் நீண்டது. இன்று நடைமுறையில் அதிகம் இரவல் வாங்குபவர்கள் உறுப்பினர்களும் அவர்களுடைய அலுவலகப் பணியாளர்களும்தான். ஒரு மசோதா விவாதத்துக்கு வருகிறது, அதற்கு முன் அந்தத் துறை பற்றி நான்கு நூல்கள் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டால் நூலகமே கொண்டுபோய்க் கொடுக்கும்.

ஒரு காலத்தில் இதற்காகத் தனிச் சுரங்கப்பாதையே இருந்தது. 1897இல் ஜெஃபர்சன் கட்டடம் திறந்தபோது, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டோலுக்குப் பூமிக்கடியில் ஒரு பாதை அமைத்து, அதில் நூல்களைச் சுமந்து ஓடும் இயந்திரத் தொடரைப் பொருத்தினார்கள். அவையில் இருக்கும் உறுப்பினர் கேட்ட நூல் சில நிமிடங்களில் அவரிடம் போய்ச் சேரும். கேப்பிட்டோலுக்குப் புதிய பார்வையாளர் மையம் கட்டியபோது அந்தப் பாதை போய்விட்டது. இப்போது ஆட்கள் நடந்துபோகும் சுரங்கப்பாதை இருக்கிறது, நீங்களும் நடக்கலாம்.

அதிபர்கள் உண்மையிலேயே நூல் வாங்கியிருக்கிறார்களா? தவணை தவறியிருக்கிறார்களா?

இரண்டுக்கும் ஆம்தான்.

உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயத்தில் லிங்கனுக்கு ராணுவ அனுபவம் மிகக் குறைவு. 1862 ஜனவரியில், தளபதி ஹாலெக் எழுதிய போர்க்கலை நூலைக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து வாங்கிக்கொண்டார். அது திரும்பி வந்தது 1864இல். போரை நடத்திக்கொண்டே போர்க்கலையைப் படித்த ஒரு மனிதரின் மேசையில் அந்த நூல் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்திருக்கிறது. அந்தத் தாமதத்தைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாட்டின் தலைவருக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் கதை இந்த நூலகத்துக்கும் முந்தையது. 1789இல் தலைநகரம் நியூயார்க். காங்கிரஸுக்கென்று சொந்த நூலகம் இல்லாததால், அவை கூடிய அதே கட்டடத்தில் இருந்த நியூயார்க் சொசைட்டி நூலகத்தைத்தான் உறுப்பினர்கள் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் பெயரில் இரண்டு நூல்கள் பதிவாயின. திரும்பி வந்ததாகப் பதிவே இல்லை. 2010இல், அவருடைய வீட்டைப் பராமரிக்கும் மவுண்ட் வெர்னன் அமைப்பு, அவற்றில் ஒன்றின் அதே பதிப்பைத் தேடிப் பிடித்து அந்த நூலகத்திடம் ஒப்படைத்தது.

பொது நூலகம் போல எல்லாருக்கும் இரவல் கொடுத்தால் என்ன? ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இந்த நூலகம் அடிபட்டு வளர்ந்தது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படைகள் கேப்பிட்டோலுக்குத் தீ வைத்தபோது, உள்ளே இருந்த சுமார் 3,000 நூல்களும் எரிந்து போயின. மறு ஆண்டு ஜெஃபர்சன் தன் சொந்தச் சேகரிப்பான 6,487 நூல்களை 23,950 டாலருக்குக் காங்கிரஸிடம் விற்றார். அதில் தத்துவம், சமையல், கட்டடக்கலை, பிறமொழி நூல்கள் எல்லாம் இருந்தன. சட்டமியற்றும் இடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று அவையில் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தேவைப்படாத துறை என்று எதுவுமே இல்லை என்பது ஜெஃபர்சனின் வாதம். அந்த ஒரு வாதத்தின்மேல்தான் இன்றைய நூலகம் நிற்கிறது. 1851 டிசம்பர் 24 அன்று மறுபடியும் தீ. 55,000 நூல்களில் 35,000 போயிற்று, ஜெஃபர்சன் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கும் அதில் அடக்கம்.

1870இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தால் நிலைமையே மாறியது. பதிப்புரிமை கோரும் ஒவ்வொரு படைப்பிலும் இரண்டு பிரதிகளை இங்கே அனுப்பியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர் அன்றைய நூலகர் ஐன்ஸ்வொர்த் ஸ்போஃபர்டு. உறுப்பினர்களின் படிப்பறையாக இருந்தது நாட்டின் களஞ்சியமாயிற்று. சில நூல்களின் கடைசிப் பிரதி இங்கேதான் இருக்கிறது. அதை ஒருவர் ரயிலில் மறந்துவிட்டுப் போனால் அவ்வளவுதான். அந்தப் பொறுப்பை நினைத்தால் கண்டிப்பு நியாயமாகவே படுகிறது.

உள்ளே வைத்திருந்தும் இழப்பு நேர்ந்திருக்கிறது. முன்பு ஆய்வாளர்கள் அனுமதி பெற்றுப் புத்தக அடுக்குகளுக்குள்ளேயே போக முடிந்தது. திருட்டும், படங்களையும் பக்கங்களையும் வெட்டி எடுப்பதும் தொடர்ந்ததால் 1992இல் அன்றைய நூலகர் ஜேம்ஸ் பில்லிங்டன் அதை மூடினார். அடுக்குகளுக்கு நடுவே நடந்து, தேடிப் போன நூலுக்குப் பக்கத்தில் தேடாத ஒன்றைக் கண்டெடுக்கும் இன்பம் வாசகர்களுக்குப் போயிற்று. சிலருடைய கத்திக்கு எல்லாரும் கொடுத்த விலை அது. இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

விதிகளை வகுப்பது காங்கிரஸா, நூலகரா?

1897 முதல் நூலகர்தான். அவரை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும். 2015இல் வந்த சட்டப்படி பதவிக்காலம் பத்து ஆண்டுகள்.

வாசகர் அட்டையை எப்படி வாங்குவது?

இணையதளத்தில் பெயர், முகவரி முதலியவற்றை முன்பே பதிந்து வைத்துக்கொள்ளலாம். அட்டையை நேரில்தான் தருவார்கள், ஏனென்றால் படம் எடுக்க வேண்டும், அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் போதும். மூலப் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள், நகலோ கைப்பேசியில் இருக்கும் படமோ உதவாது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை. கால் மணி நேரத்தில் கையில் கிடைத்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

நூலை எப்படிக் கேட்பது? அலமாரியில் நாமே எடுக்கலாமா?

வாசிப்பறையில் இருக்கும் அகராதிகள், கலைக்களஞ்சியங்கள் போன்றவற்றை நாமே எடுத்துப் பார்க்கலாம். மற்ற எல்லாவற்றையும் இணைய நூற்பட்டியலில் தேடி, எந்த வாசிப்பறைக்கு வேண்டும் என்று குறித்துக் கேட்க வேண்டும். ஊழியர்கள் எடுத்து வந்து தருவார்கள்.

இதில் நேரம் போகும். நூல் கேப்பிட்டோல் குன்றில் உள்ள மூன்று கட்டடங்களில் ஒன்றில் இருந்தால் அன்றே வந்துவிடும், ஆனால் ஒரு மணி நேரமாவது காத்திருக்கத் தயாராக இருங்கள். மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் கிடங்கில் இருந்தால் அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு நாள் கையில் இருப்பவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். நூல் எங்கே இருக்கிறது என்பதைப் பட்டியலிலேயே காட்டும். முதல் நாள் அட்டை வாங்கி நூல்களைக் கேட்டு வைத்துவிடுங்கள், மற்ற அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து படியுங்கள். படித்து முடியாத நூலைச் சில நாட்கள் உங்கள் பெயரிலேயே வைத்திருக்கச் சொல்லலாம்.

வாசிப்பறைக்குள் எதைக் கொண்டுபோகலாம்?

மடிக்கணினி, கைப்பேசி, குறிப்பேடு கொண்டுபோகலாம். கோட்டு, குடை, பெரிய பைகளைக் கிளோக்ரூமில் வைத்துவிட வேண்டும். தின்பண்டம், பானம் கூடாது. வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோயிருந்தால் உள்ளே நுழையும்போதே காவலரிடம் காட்டிவிடுவது நல்லது.

பெரும்பாலான வாசிப்பறைகளில் சொந்தக் கைப்பேசியால், பிளாஷ் போடாமல், பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இலவச ஸ்கேனர்களும் இருக்கின்றன, பென்டிரைவ் எடுத்துப் போனால் நகலைச் சேமித்துக்கொள்ளலாம். எடுத்த நகலை என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. பதிப்புரிமை உள்ள நூலை முழுதாக நகலெடுத்து இணையத்தில் போடுவதற்கு இந்த அனுமதி செல்லாது.

அரிய நூல் பிரிவில் விதிகள் இன்னும் இறுக்கம். பேனாவை வெளியே எடுக்கவே கூடாது, பென்சில் மட்டும். நூலை முழுக்க விரித்து மேசையில் அழுத்தக் கூடாது, முதுகு உடையாமல் தாங்கும் மெத்தை போன்ற தாங்கியில் வைத்துத்தான் புரட்ட வேண்டும். வெள்ளைக் கையுறை கேட்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. புகைப்படங்களுக்குக் கையுறை தேவைப்படும், பழைய நூல்களுக்குக் கழுவித் துடைத்த கைதான் நல்லது. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, கிழிந்துவிடும்.

தமிழ் நூல்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

இருக்கின்றன, நிறையவே. ஜெஃபர்சன் கட்டடத்தில் உள்ள ஆசிய வாசிப்பறைக்குப் போங்கள். தமிழ் உட்பட தெற்காசிய மொழிகளுக்கான இடம் அதுதான்.

அந்த நூல்கள் அங்கே போன கதை நம் வீட்டுச் சமையலறையோடு தொடர்புடையது. 1960களில் ரேஷன் கடையில் வந்த அமெரிக்கக் கோதுமையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வந்த கோதுமை அது. அதற்கு இந்தியா டாலரில் பணம் தரவில்லை, ரூபாயில் தந்தது. அந்த ரூபாயை இந்தியாவுக்குள்ளேயே செலவிட வேண்டிய நிலை. அதில் ஒரு பகுதியை நூல் வாங்கப் பயன்படுத்தலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 1962இல் காங்கிரஸ் நூலகம் தில்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிகளில் வெளிவந்த நூல்களையும் இதழ்களையும் வாங்கத் தொடங்கியது. ஒரு பிரதி வாஷிங்டனுக்கு, மற்றவை அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு. கதை, கவிதை, ஆய்வு நூல், சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அச்சிட்டு விற்றவை எல்லாம் கப்பலேறின. அந்த ரூபாய் நிதி பிறகு தீர்ந்துவிட்டது, ஆனால் தில்லி அலுவலகம் இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறது. கெய்ரோ, நைரோபி, ஜகார்த்தா, இஸ்லாமாபாத், ரியோ டி ஜெனிரோ ஆகிய ஊர்களிலும் இதே போன்ற அலுவலகங்கள் உண்டு.

நம் ஊரில் பதிப்பகம் மூடப்பட்டு, ஆசிரியரின் வீட்டிலும் பிரதி இல்லாமல் போன நூல் ஒன்று அங்கே எண்ணிட்டு, அட்டை கட்டி, குளிர்ந்த அறையில் இருக்க வாய்ப்புண்டு. தாத்தா எழுதி வெளியிட்ட நூலைத் தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: 1960களுக்குப் பிறகு வந்த நூல் என்றால் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தில்லி அலுவலகம் தெற்காசிய எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைத் தாங்களே வாசிக்கும் ஒலிப்பதிவுகளையும் தொகுத்திருக்கிறது. அதில் தமிழ் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்க அட்டை வேண்டாம், வாஷிங்டன் போக வேண்டாம், இணையத்தில் இலவசம்.

பட்டியலில் தமிழ் நூலைத் தேடினேன், ஒன்றுமே வரவில்லையே?

இருக்கும். தேடிய எழுத்துக்கூட்டல் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பல பதிவுகளில் நூலின் பெயர் தமிழ் எழுத்தில் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த ஒலிபெயர்ப்பு முறைப்படி ரோமன் எழுத்தில்தான் இருக்கும். நாம் முகநூலில் தட்டச்சும் தங்கிலீஷுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ரோமன் எழுத்துதான், உச்சரிப்பு மாறினாலும் எழுத்து மாறாது. ‘ச’ எங்கே வந்தாலும் ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்து. ஆகவே சிலப்பதிகாரம் ‘எஸ்’ஸில் தொடங்காது, ‘சி’யில் தொடங்கும். ‘க’வுக்கு எப்போதும் ‘கே’, ‘ஜி’ வராது, ‘எச்’சும் வராது. ‘த’வுக்கு வெறும் ‘டி’, பின்னால் ‘எச்’ சேர்க்கக் கூடாது. ‘ழ’வுக்கு அடிக்கோடிட்ட ‘எல்’. நாம் பழகிய ‘இசட்-எச்’சைப் போட்டால் எதுவும் கிடைக்காது. நெடில், கீழ்ப்புள்ளி, அடிக்கோடு போன்ற குறிகளை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தட்டினாலும் பட்டியல் ஏற்றுக்கொள்ளும். ஆசிரியர் பெயரில் மட்டும் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஏற்கெனவே நிலைபெற்ற பெயர்களை அப்படியே வைத்திருப்பார்கள். அதனால் ஆசிரியர் பெயரை விட நூற்பெயரில் தேடுவது பலன் தரும். அதிலும் வரவில்லை என்றால் பதிப்பாண்டையும் மொழியையும் தேர்ந்தெடுத்து வடிகட்டிப் பாருங்கள்.

நேரில் போக முடியாது. எங்கள் ஊர் நூலகம் வழியாக வரவழைக்க முடியுமா?

முடியும். நூலகங்களுக்கு இடையேயான இரவல் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது, உங்கள் பல்கலைக்கழக நூலகமோ பொது நூலகமோ உங்களுக்காகக் கேட்க வேண்டும். வேறெங்கும் கிடைக்காதபோது கடைசியாக வர வேண்டிய இடம் இது என்பதால், பக்கத்து நூலகங்களில் முதலில் தேடச் சொல்வார்கள். வந்த நூலையும் உங்கள் ஊர் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அரிய நூல்கள், நைந்துபோனவை போன்றவற்றை அனுப்ப மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை 1901இல் தொடங்கியவர் ஹெர்பர்ட் புட்னம், நாற்பது ஆண்டு நூலகராக இருந்தவர். நூல் தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: என்றோ யாருக்கோ பயன்படும் என்று பாதுகாத்து வைத்திருக்கும் நூலை விட, இன்று ஒருவர் வாசிக்கும் நூல் மேலான கடமையைச் செய்கிறது. இழப்பின் ஆபத்தை அவர் மறைக்கவில்லை, தெரிந்தே ஏற்றுக்கொண்டார். இந்த நூலகத்தில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் தமிழ் நூலுக்கு முதலில் சிகாகோ, பெர்க்லி போன்ற பல்கலைக்கழக நூலகங்களைக் கேட்கச் சொல்லுங்கள். அதே பி.எல். 480 கப்பலில் போன பிரதிகள் அங்கேயும் இருக்கின்றன.

பொதுமக்கள் யாருக்குமே வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்கிறீர்கள். பார்வையற்றவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறார்களாமே?

ஆம், அது ஒரு பெரிய விதிவிலக்கு. 1931இல் பிராட்–ஸ்மூட் சட்டத்தின்படி பார்வையற்றோருக்கான தேசிய நூலகச் சேவை தொடங்கியது. முதலில் பெரியவர்களுக்கு மட்டும், 1952 முதல் குழந்தைகளுக்கும். 1966இல், கையால் நூலைப் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ முடியாதவர்களையும் சேர்த்தார்கள். டிஸ்லெக்ஸியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் பயன்பெறலாம். பிரெயில் நூல்களும் ஒலிநூல்களும், ஒலிநூல் கேட்கும் கருவியும் வீட்டுக்கே வரும். தபால் செலவு போகவும் வரவும் இலவசம். பார்ட் என்ற செயலி வழியாக இறக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கும், வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் உரிய சேவை இது. சுற்றுலா விசாவில் வந்திருப்பவருக்குக் கிடைக்காது. ஆனால் பச்சை அட்டையோடு பிள்ளைகளிடம் நிரந்தரமாகத் தங்கிவிட்ட, கண் மங்கிப்போன அம்மா அப்பாக்களுக்குக் கிடைக்கும். ஆங்கிலம் படித்துப் பழகி, பார்வை போனதால் அதை இழந்து நாள் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

உறுப்பினர்களுக்கு மட்டும் தயாரிக்கும் ஆய்வறிக்கைகளை நாம் படிக்கலாமா?

இப்போது படிக்கலாம். 1914இல் நூலகத்துக்குள் உருவான ஒரு பிரிவு, 1970 முதல் காங்கிரஸ் ஆய்வுச் சேவை என்ற பெயரில் இயங்குகிறது. இரு கட்சிக்கும் பொதுவாக, சார்பில்லாமல் அறிக்கை எழுதித் தருவது அதன் வேலை. மக்கள் வரிப்பணத்தில் எழுதிய அந்த அறிக்கைகள் நெடுங்காலம் உறுப்பினர்களிடம் மட்டும் இருந்தன. கசிந்தவற்றைச் சிலர் இணையத்தில் தொகுத்தார்கள், சிலர் விற்கவும் செய்தார்கள். 2018இல் வந்த சட்டம் அவற்றைப் பொதுவில் வைக்கச் சொன்னது. இந்திய–அமெரிக்க உறவு, விசா விதிகள், இலங்கை அரசியல் பற்றியெல்லாம் அறிக்கைகள் உண்டு. பத்திரிகையாளர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை.

ஓர் உறுப்பினர் தனிப்பட்ட முறையில் கேட்ட கேள்வியும், அவருக்கு எழுதிய பதில் குறிப்பும் மட்டும் இன்றும் ரகசியம். அது சரிதான். எதைப் படிக்கிறார், எதில் ஐயப்படுகிறார் என்பது எதிரணிக்குத் தெரிந்துவிடும் என்றால் எந்த உறுப்பினரும் மனம் திறந்து கேட்க மாட்டார்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

சுற்றிப் பார்க்க எந்த வயதினரும் போகலாம். வாசகர் அட்டை 16 வயதுக்குப் பிறகுதான்.

நூலகம் கழித்துவிடும் நூல்களைத் தமிழ்ப் பள்ளிகள் வாங்க முடியுமா?

உபரி நூல் திட்டம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் உள்ள பள்ளிகள், பொது நூலகங்கள், வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற அமைப்புகள் ஆள் அனுப்பித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், விலை கிடையாது. விற்பதற்காக எடுக்கக் கூடாது. தமிழ் நூல் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

தில்லி நாடாளுமன்ற நூலகத்திலும் இப்படிப் போய்ப் படிக்கலாமா?

அவ்வளவு எளிதில் முடியாது. அது முதன்மையாக உறுப்பினர்களுக்கானது, ஆய்வாளர்கள் முன்அனுமதி கேட்டுப் பெற வேண்டும். ராஜ் ரேவல் வடிவமைத்த அதன் கட்டடத்தை 2002 மே மாதம் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்தார். கையால் எழுதிய அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதிகளை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளில் அங்கேதான் பாதுகாக்கிறார்கள்.

வேறுபாட்டுக்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பதிப்புரிமைப் பிரதிகள் நாடாளுமன்ற நூலகத்துக்கே போனதால் அது தேசிய நூலகமாகவும் ஆயிற்று. இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் நூல் அனுப்ப வேண்டியது கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி மைய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கு. நாடாளுமன்ற நூலகம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நமக்கு எழும்பூர் கன்னிமாராதான் திறந்த கதவு. நாடாளுமன்ற விவாதங்களை மட்டும் தேடுகிறவர்கள் தில்லி போக வேண்டாம், நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் உட்பட இலவசமாகவே படிக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு தகவல்தான் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தே கேட்க முடியுமா?

முடியும். நூலகரிடம் கேளுங்கள் என்ற படிவம் இணையதளத்தில் இருக்கிறது. உலகில் யாரும் எழுதலாம், கட்டணம் இல்லை, பதில் எழுதுபவர் அந்தத் துறையின் நூலகர். தெற்காசியக் கேள்வி என்றால் ஆசியப் பிரிவைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. ‘1950களின் தமிழ்ச் சிறுகதை பற்றி விவரம் வேண்டும்’ என்று எழுதினால் பொதுவான பட்டியல் வரும். ஆசிரியர் பெயர், நூற்பெயர், தெரிந்த பதிப்பாண்டு, இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள் ஆகிய நான்கையும் எழுதி, ‘இந்த நூலின் முன்னுரைப் பக்கங்கள் மட்டும் வேண்டும், நகல் கிடைக்குமா’ என்று கேட்டுப் பாருங்கள். நூலின் நிலையும் பதிப்புரிமையும் இடம் கொடுத்தால் நகலெடுக்கும் வழியைச் சொல்வார்கள், கட்டணம் உண்டென்றால் முன்கூட்டியே தெரிவிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் நூற்பெயரைத் தமிழ் எழுத்திலும் சேர்த்துப் போடுங்கள்.